தலைக்கு நாலு லிட்டர்

முதலில் தண்ணீர் வழியும் சத்தம்தான் கேட்கும். சளக்கென்று பெரிதாக ஒரு தடவை, பிறகு கொஞ்ச நேரம் ஒரே சீராக வாளிக்குள் விழும் சத்தம். நடுவில் ஓர் ஆண்குரல், சில்லென்று இருப்பதாகக் குறைப்படும். வாளிகள் நிறைந்து சத்தம் அடங்கிய பிறகுதான் நான் பிளாஸ்டிக் திரையை விலக்கிப் பார்ப்பேன். ஆள் கழுத்து வரை தண்ணீருக்குள் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்வதோடு என் வேலை முடிந்தது. அவருடைய முகம் எனக்குத் தேவையில்லை. அந்த முகங்களில் பெரிய வித்தியாசமும் இருப்பதில்லை.

குயில் நகரில் வீடுகள் எட்டடி நீளம், ஆறடி அகலம். ஒன்று உள்ளே போனால் அதே அளவு ஒன்று வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் கதவு சாத்தாது. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி வந்தால் ஒரு ஜோடிச் செருப்பு வெளியே வரும். தீபாவளிக்குப் புதுப் புடவை என்றால் பழைய தலையணையைத் தயங்காமல் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். அளவில் சந்தேகம் வந்தால் என் தொட்டிக்குக் கொண்டுவருவார்கள். சிமெண்ட் தொட்டி, விளிம்பில் ஒரு மூக்கு. பொருளைத் தண்ணீருக்குள் அமுக்கினால் மூக்கு வழியாக எவ்வளவு வழிகிறதோ அதுதான் அளவு. கோடு போட்ட வாளிகள் என்னிடம் இருக்கின்றன.

இந்த நகர் மாத நாவல் போடும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். ஈரோட்டுக்கு வெளியே, மூடிப்போன ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் மூன்று ஏக்கர். மாதம் ஒரு வீடு லாரியில் வந்து இறங்கும். ஆறு கான்கிரீட் கட்டைகள் மேல் அதை உட்கார வைத்து, மஞ்சள் வண்ணம் அடித்து, சன்னலுக்கு வெள்ளைத் திரை மாட்டி, வாசலில் ஒரு ரோஜாத் தொட்டி வைப்பார்கள். பிறகு தனியாக வாழும் ஒரு பெண் குடிவருவார். அந்த மாதத்துக்குள், நூற்று இருபத்தெட்டுப் பக்கத்துக்குள், அவருக்குக் கலகலப்பாகக் காதல் வர வேண்டும். கலகலப்பு என்றால் யாரும் சாகக் கூடாது, யாரும் எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்கக் கூடாது, நாயகியின் அம்மாவுக்கு வரும் காய்ச்சல் தொண்ணூறாம் பக்கத்தைத் தாண்டக் கூடாது. வரிசைக்குப் பெயர் ‘குட்டி வீட்டுக் காதல்’. முதலில் சின்ன வீடு என்றுதான் வைத்தார்களாம். குடும்பப் பெண்கள் கடையில் கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்கள் என்று மாற்றிவிட்டார்கள்.

எல்லா நாவலையும் எழுதுவது கமலவேணி அம்மாள். கம்பெனியும் அவருடையதுதான். இருநூற்றுப் பன்னிரண்டு நாவல் எழுதியவர். சிறிய வீட்டில் நிறைவாக வாழ்வதன் சுகத்தை அவரைப் போல எழுத இன்று ஆளில்லை. பதினோரு அறை உள்ள தன் வீட்டில், எந்த அறையில் கண்ணாடியை வைத்தோம் என்று தேடிக்கொண்டே எழுதுவார்.

நாவல் முடியும் விதம் எப்போதும் ஒன்றுதான். நாயகன் வீட்டுக்குள் நுழைவான். கதவு சாத்திக்கொள்ளும். அதுதான் கடைசி வரி. ஒப்பந்தத்திலும் அதையே எழுதியிருக்கிறார்கள்: கதவு சாத்தும்போது உள்ளே இருப்பவருக்கு வீடு சொந்தம்.

நாயகன் உள்ளே போக வேண்டுமானால் அவன் அளவுக்கு ஏதாவது வெளியே வர வேண்டும் அல்லவா. கட்டில், அடுப்பு, புத்தக அலமாரி, திரை எல்லாம் அட்டைப்படத்தில் இருப்பவை, அவற்றை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது நாயகியின் பெட்டி படுக்கையும் நாயகியும். அதனால்தான் கம்பெனி பொருத்தம் பார்க்கிறது. பெண்ணின் லிட்டரும் அவள் சாமான்களின் லிட்டரும் சேர்ந்து ஆணின் லிட்டருக்குச் சரியாக வந்தால் அதற்குப் பெயர் பொருத்தம். நட்சத்திரமெல்லாம் இங்கே பார்ப்பதில்லை. பொருத்தம் சொல்வது என் தொட்டி.

இதுவரை நாற்பத்தொரு நாவல் வந்திருக்கிறது. குட்டி வீட்டில் வாழும் பெண்களைப் பற்றி நாற்பத்தொரு புத்தகம். நகரில் இப்போது நாற்பத்தொரு வீடு, உள்ளே நாற்பத்தொரு ஆண்கள். சன்னல் திரைகளில் பனியன் காய்கிறது. ரோஜாத் தொட்டிகளில் பீடித் துண்டு கிடக்கிறது. பெண்கள் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அந்தக் கொட்டகைக்குப் பின்னட்டை என்று பெயர். பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்து அவரவர் நாவலுக்கு வரும் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவர்கள் வேலை. வீடு காற்றோட்டமாக இருக்கிறது, அவர் அன்பாக இருக்கிறார், சமையல் அறையில் நின்று திரும்பினால் முத்தம், இப்படி. கையெழுத்து நன்றாக இருப்பவர்களுக்கு வெளிநாட்டுக் கடிதங்கள்.

நாற்பத்திரண்டாம் வீட்டுக்கு வந்தவர் இசக்கியம்மாள். முப்பத்தாறு வயது, நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். பதினோரு வருடம் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில், ஓர் அறைக்கு ஆறு கட்டில் என்ற கணக்கில் இருந்தவர். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் அவருடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் படுத்தார். படுத்தபடியே வலது கையை நீட்டினார். அடுப்புத் திருகு எட்டியது. தண்ணீர்க் குழாய் எட்டியது. சன்னல் கொக்கி, மின்விசிறி சுவிட்ச், அலமாரியில் உப்பு டப்பா, எல்லாம் எட்டின. ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"பக்கெட்டுக்கு வரிசையில நின்னே பாதி ஆயுசு போயிருச்சு, அண்ணாச்சி," என்றார். "இதுல யாரையும் நகருங்கன்னு சொல்லாண்டாம்."

பழைய நாயகிகள் திரையையோ ரோஜாவையோதான் முதலில் பாராட்டுவார்கள்.

மறுநாள் அவரைத் தொட்டியில் அளந்தோம். பெண்களை உச்சந்தலை வரை அமுக்க வேண்டும் என்பது உத்தரவு, கூந்தல் இடம் பிடிக்கும் என்பதால். ஐம்பத்திரண்டு லிட்டர். பெட்டி, மிக்சி, இரண்டு போர்வை, குக்கர் எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது. தலையைத் துவட்டியபடியே நாயகர்கள் பொதுவாக எத்தனை லிட்டர் இருப்பார்கள் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு பின்னட்டைப் பக்கம் நடந்தார். நானும் கூடப் போனேன்.

ஏழாம் நாவலின் நாயகி ரெஜினா அப்போது அருப்புக்கோட்டை வாசகி ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் குட்டி வீட்டில் எந்நேரமும் சிரிப்புச் சத்தம்தான் என்று ஒரு வரி. அது பொய்யில்லை. ஏழாம் வீட்டு நாயகன் எந்நேரமும் காமெடி சேனல் வைத்திருப்பார், சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்கும். நீங்கள் மறுத்திருக்கலாமே என்று இசக்கியம்மாள் கேட்டதற்கு, மறுத்தால் மாதக் கடைசியில் லாரி வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ரெஜினா விளக்கினார். கொட்டகை என்றாலும் இதுவாவது நகராமல் இருக்கிறதாம். இசக்கியம்மாள் பாய்களை எண்ணினார். பாய்க்கும் பாய்க்கும் நடுவே ஒரு சாண். விடுதியில் ஒன்றரைச் சாண் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

நாயகன் வந்து சேர்ந்தார். குணாளன் என்று பெயர், போர்வெல் மோட்டார் விற்பவர், முப்பத்தோரு வயது. கம்பெனி தன் பட்டியலிலிருந்து அவருக்கு அத்விக் என்று ஒரு பெயர் கொடுத்தது. பட்டியலில் மொத்தம் எட்டுப் பெயர், ஒன்றையும் குயில் நகரில் யாருக்கும் அப்பா அம்மா வைத்ததில்லை. கெட்டவர் என்று குணாளனைச் சொல்ல முடியாது. பேச வேண்டியதைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். உன் முன்னால் நான் ஒன்றுமே இல்லை என்பது முதல் அட்டை. நாற்பத்தொரு பேரும் இதையே சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். தொட்டி யாருக்கும் அதை ஒத்துக்கொண்டதில்லை. குணாளனுக்குக் கழுத்து வரை அறுபத்தேழு லிட்டர்.

தலைக்கு நாலு லிட்டர். இது வழக்கம். ஆண்கள் தலையைத் தண்ணீருக்குள் விடுவதில்லை. மேலட்டைக்குப் படம் எடுக்க வேண்டும், முடியைச் சீவி ஜெல் தடவியிருப்பார்கள். எனக்கு முன்னால் இந்தத் தொட்டியில் இருந்தவர் முதல் நாயகனுக்கு உத்தேசமாக நாலு லிட்டர் போட்டார். இரண்டாவது ஆளுக்கும் அதே போட்டார். அப்புறம் அது விதியாகிவிட்டது. நானும் கழுத்தோடு நிறுத்தி நாலைக் கூட்டிக்கொண்டேதான் வந்தேன்.

காதல் வாசற்படியில் நடந்தது. உள்ளே இடமில்லை என்பதால் வேறு வழியில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் மோத வேண்டும், மோதினார்கள். அந்த வாசலில் மோதாமல் போய் வருவதுதான் சிரமம். ஐந்தாம் அத்தியாயத்தில் மழை. நான்தான் வீட்டின் கூரை மேல் நின்று குழாயைப் பிடித்தேன். பூங்கொத்து ஒன்று கொண்டுவந்தார், அதற்கு இசக்கியம்மாள் தன் சீப்பையும் பவுடர் டப்பாவையும் வெளியே வைத்தார். பெரிய கரடி பொம்மை ஒன்று வந்தபோது போர்வைகள் வெளியே வர வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் கரடியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். கமலவேணி அம்மாள் அதை அத்தியாயத்தில் சேர்த்துக்கொண்டார். குளிர் என்று எழுதவில்லை, ஏக்கம் என்று எழுதினார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ள வேண்டும், நாயகி ஊதிவிட வேண்டும். குட்டி வீட்டின் வாசல் ஐந்தடி உயரம். குணாளன் ஐந்தே முக்கால். சிரத்தையாக இடித்துக்கொண்டார். அரிசி ஆலை வரைக்கும் சத்தம் கேட்டது, காலிப் பானையில் கரண்டி பட்ட மாதிரி. இசக்கியம்மாள் ஊதவில்லை. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஆட்டோ பிடித்து அவரைத் தன் மருத்துவமனைக்கே கூட்டிப்போய் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார்.

சாயங்காலம் பழுப்பு உறையோடு தொட்டிக்கு வந்தார். படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நானும் பார்த்தேன்.

"எலும்பு வெள்ளையாத் தெரியும், அண்ணாச்சி. காத்து கருப்பாத் தெரியும்."

படம் பெரும்பாலும் கருப்பாக இருந்தது. சுற்றிலும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் இடைஞ்சலாக எதுவும் இல்லை.

"தலைக்கு நாலு லிட்டர்னு யாரு சொன்னா?"

வழக்கம் என்றேன். அவர் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

மாதக் கடைசியில் பொருத்தம் பார்க்கும் நாள். கமலவேணி அம்மாள் காரில் வந்து இறங்கினார். படம் எடுப்பவர் வந்தார். பின்னட்டையிலிருந்து பெண்கள் வந்து தூரத்தில் நின்றார்கள், நாயகிக்குக் கை தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கரும்பலகையில் நான் எழுதியிருந்தேன். இந்தப் பக்கம் ஐம்பத்திரண்டும் பத்தொன்பதும், அந்தப் பக்கம் அறுபத்தேழும் நாலும். இரண்டு பக்கமும் எழுபத்தொன்று. ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாத ஜோடி இதுவரைக்கும் அமையவில்லை என்று கமலவேணி அம்மாள் கண் கலங்கினார். அவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தடவையும் கண் கலங்கியிருக்கிறது.

இசக்கியம்மாள் நாலைக் காட்டி, அதை அளக்கவில்லையே என்றார்.

"ஏங்கண்ணு," என்றார் கமலவேணி அம்மாள், "நல்ல நேரத்துல மாப்பிள்ளை தலையக் கொண்டுபோயித் தண்ணிக்குள்ள அமுக்குனா நல்லாவா இருக்குது?"

"என்னைய அமுக்குனீங்கள்லா."

"உனக்கு முடி இருக்குது."

"அவருக்குத் தலை இருக்கான்னு பாப்போம்."

தூரத்தில் நின்றவர்களில் யாரோ கை தட்டிவிட்டார்கள். ஏற்பாட்டில் இன்னும் அந்த இடம் வரவில்லை.

குணாளனுக்கு மறுப்பு எதுவும் இல்லை. நூற்று இருபதாம் பக்கம் வரை நாயகி கேட்பதையெல்லாம் செய்ய வேண்டும் என்று அவருடைய அட்டையிலேயே இருந்தது. சட்டையைக் கழற்றினார், தொட்டியில் இறங்கினார். கழுத்து வரைக்குமான அறுபத்தேழு லிட்டர் வழிந்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். தண்ணீர் வழிய ஆரம்பித்தது. ஒன்றரை லிட்டர் வந்ததும் நின்றது. குடம் நிறைகிற மாதிரி ஒரு சத்தம் தொட்டிக்குள்ளிருந்து கேட்டது. காது வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அங்கே இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. வாளியை நான் மூன்று தடவை பார்த்தேன். ஒன்றரைதான். நாலை அழித்து ஒன்றரை போட்டேன். மொத்தம் அறுபத்தெட்டரை.

குணாளன் தலையைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை, இப்போது கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்றார்.

ஆக, நாயகன் உள்ளே போன பிறகும் இசக்கியம்மாளுக்கு வீட்டுக்குள் இரண்டரை லிட்டர் இடம் மிச்சம். இதில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கமலவேணி அம்மாள் பெருந்தன்மையாக, ஒரு குக்கரை உள்ளே வைத்துக்கொள், நினைவாக இருக்கட்டும் என்றார். இசக்கியம்மாள் ரவிக்கைக் கையை மடித்துவிட்டு, வலது கையைத் தோள் வரைக்கும் தொட்டிக்குள் விட்டார். வாளியில் பிடித்தேன். சரியாக இரண்டரை லிட்டர்.

"இது உள்ள இருக்கட்டும்."

அப்படியே செய்தோம். சாமான்களை வெளியே இறக்கினேன். இசக்கியம்மாள் வெளியே வந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், கை மட்டும் உள்ளே. குணாளன் குனிந்து நுழைந்தார். நாயகன் உள்ளே கால் வைத்த நிமிடம் மேலட்டை அச்சுக்குப் போய்விடும், அதற்கப்புறம் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது, லாரியையும் கூப்பிட முடியாது. கமலவேணி அம்மாள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு வந்து கை மேல் பட்டு நின்றது.

இடம் போதாமல் சாத்தாத கதவு வேறு, நடுவில் கை இருப்பதால் சாத்தாத கதவு வேறு என்று நான் அவருக்கு விளக்கினேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அருமைநாதா, நீ வாயை மூடு என்றார். கதவு சாத்தாமல் நாவலை முடிக்க அவருக்குத் தெரியாது. அங்கேயே காரில் உட்கார்ந்து இன்னொரு அத்தியாயம் எழுத ஆரம்பித்தார்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. குணாளன் உள்ளே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் பதினெட்டுப் பக்கம் வந்தது. இசக்கியம்மாள் வெளியே இடது கையால் செய்தித்தாள் படித்தார். மருத்துவமனைக்கு லீவு சொல்லியாயிற்று. சாப்பாடு பின்னட்டையிலிருந்து வந்தது. ரெஜினா ஊட்டிவிட்டார்.

இரண்டாம் நாள் கைக்கு வேலை வந்துவிட்டது. அது குணாளனின் பிடியிலிருந்து உருவிக்கொண்டு அடுப்பைத் துடைத்தது. உப்பு டப்பாவை இருக்க வேண்டிய தட்டுக்கு மாற்றியது. குணாளன் மின்விசிறியை ஐந்தில் வைத்தால் மூன்றுக்குக் குறைத்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் எடுத்து அவர் தோளில் போட்டது. கோபமாக ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் ஒருவர் செய்வதைத்தான் செய்தது. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்தால் தட்டை விரலால் தட்டிக்கொண்டே இருந்தது. கழுவிய பிறகு நிறுத்தியது.

மூன்றாம் நாள் குணாளன் எல்லா அட்டையையும் ஒரு சுற்று சொல்லி முடித்துவிட்டார். கையிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை, அதற்குக் காது கிடையாது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்து இசக்கியம்மாளிடம் சொன்னால், நான் வெளிய இருக்கேன், உள்ள இருக்கவ கிட்டப் பேசுங்க என்றார்.

நாவல் வளர்ந்துகொண்டே போனது. நூற்று அறுபது பக்கத்தில் அச்சகத்திலிருந்து ஆள் வந்து, இதற்கு மேல் பின் குத்தினால் ஏறாது என்றார். கமலவேணி அம்மாள் கையை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார், வேறு வீடு தருகிறேன் என்றார், பின்னட்டையில் சன்னலோரப் பாய் என்றார். இசக்கியம்மாள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகத் தலையாட்டினார். உள்ளே கை காய்கறிக் கூடையில் வெங்காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்காலியில் ஆறு நாள் உட்கார்வது லேசான விஷயம் இல்லை. தோள் வீங்கிவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வாய் மட்டும் மெல்ல அசைந்தது. குழாய், கொக்கி, சுவிட்ச், உப்பு. உள்ளே கை அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு வந்தது. கையை எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எடுத்துவிடும்மா என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. செம்பை அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலையில் குணாளன் சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். முகம் மழிக்கவில்லை. ஜெல் தீர்ந்துபோயிருந்தது.

"அண்ணே, இந்த வீட்டுல எனக்கு ஒரு சுவிட்சுகூட எட்டல. ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சுப் போக வேண்டியிருக்கு. அதுக்கு எல்லாம் எட்டுது."

போர்வெல்காரர்களுக்கு இது சீசன் என்றும் சொன்னார். பிறகு தன் துணிப்பையை எடுத்துக்கொண்டார். கதவைத் தள்ளித் திறந்தார். இசக்கியம்மாள் கண் திறக்காமலே, தலை பார்த்து என்றார். அவர் குனிந்து வெளியே வந்தார்.

வெளியே போவதற்கு இங்கே அளவு பார்ப்பதில்லை. உள்ளே அறுபத்தெட்டரை லிட்டர் இடம் காலியாக இருந்தது. இசக்கியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார். கால் மரத்துப்போயிருந்ததால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் பெட்டியை, மிக்சியை, குக்கரை, போர்வைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். கரடியும் பூங்கொத்தும் வெளியிலேயே கிடந்தன. கடைசியாக அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

கமலவேணி அம்மாள் காரிலிருந்து கதவைப் பார்த்தார். ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை படித்தார். பிறகு நூற்று எழுபத்து நாலாம் பக்கத்தில், கதவு சாத்திக்கொண்டது என்று எழுதி முடித்தார். உள்ளே யார், வெளியே யார் என்று எந்த நாவலிலும் அவர் எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை. புத்தகம் வழக்கம் போலப் போனது. இனிப்பான முடிவு என்று நிறையக் கடிதம் வந்தது. அவற்றுக்குப் பதில் எழுதப் பின்னட்டையில் ஆள் இல்லை, ஏனென்றால் அந்த நாவலின் நாயகி வீட்டில் இருந்தார்.

குணாளன் கிளம்பும் முன் தொட்டிப் பக்கம் வந்து தலையை ஒருக்களித்துப் பிடித்தார். இரண்டரை லிட்டர் வந்தது. சுத்தமான தண்ணீர்தான், கொஞ்சம் சூடாக இருந்தது. ரோஜாத் தொட்டிக்கு ஊற்றினேன். இப்போது லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியைக் காலி செய்து பாசி எடுப்பது என் வழக்கம். அன்றைக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, உள்ளே இறங்கித் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதிச் சுவர் முடிந்திருந்தது. பின்னட்டையிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். நாற்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் ஒயர் கூடை. முன்னால் ரெஜினா நின்றார்.

எங்களுக்கும் உள்ளே இடம் மிச்சம் இருக்கும், அளந்து சொல்லுங்கள் என்றார். அளந்துவிடலாம், ஆட்கள் எங்கே என்று கேட்டேன்.

"கழுத்து வரைக்கும்தான் முன்னமே அளந்துட்டீங்களே, அண்ணா. தலையை மட்டும் கொண்டாந்திருக்கோம்."

கூடைகளைப் பார்த்தேன். முடி கலையாமல் இருக்கச் சிலர் செய்தித்தாள் சுற்றியிருந்தார்கள். ஏழாம் வீட்டுத் தலை, டிவியை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொன்னது. இருபதாம் வீட்டுத் தலை தண்ணீர் சில்லென்று இருக்குமா என்று விசாரித்தது. உடம்புகள் வீட்டிலேயே இருக்கின்றனவாம், வெயிலில் எதற்கு அலைக்கழிப்பது என்று விட்டு வந்திருக்கிறார்கள்.

வேப்ப மரத்து நிழலில் வீட்டு எண் வரிசையில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். இன்னும் பாதிச் சுவரில் பாசி இருந்தது. நாரை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.